பக்கக் கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

என் கணவர் பேனாட்டுக்கு வாய் கொஞ்சம் நீளம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கு வருகிற எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஸ்பெயினுக்குப் போகப்போகிறோம், கமினோ யாத்திரைப் பாதையில் புனித யாகப்பரின் கல்லறை வரைக்கும் நடக்கப்போகிறோம் என்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல முன்னமே அவர் கோயில் மண்டபத்தில் சொல்லிவிட்டார். பூசை முடிந்து தேநீரும் றோல்சும் கொடுக்கிற நேரம் அது. கையில் றோல்ஸ் இருந்தபடியால் சனமும் நின்று கேட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அங்கை மலை உச்சியிலை ஒரு இரும்புச் சிலுவை இருக்குது. போற ஆக்கள் எல்லாரும் வீட்டிலையிருந்து ஒரு கல்லுக் கொண்டுபோய் அதின்ர அடியிலை வைக்கிறவையாம். மனப்பாரத்தை அதோடை இறக்கி வைச்சிட்டு வாறது" என்றார்.

வேறு யாரும் என்றால் நல்ல வழக்கம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த றோல்சை எடுத்திருப்பார்கள். எங்கள் சனம் அப்படியில்லை. யாராவது யாழ்ப்பாணம் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், பார்சலோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அக்காவுக்கு ஒரு சோடி சப்பாத்து, மருமகளுக்கு ஒரு சொக்கிளேற் பெட்டி, "பாரமே இல்லை, ஒரு மூலையிலை செருகிவிடுங்கோ." பாரத்தை இறக்கி வைக்கவே ஒருவர் போகிறார் என்று தெரிந்த பிறகு சும்மா இருப்பார்களா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை கற்கள் வரத் தொடங்கின.

ஒருவர் றூஜ் ஆற்றங்கரையில் பொறுக்கியது. ஒருவர் தன் வீட்டுப் பூச்செடிக்குள் கிடந்ததைக் கழுவிக்கூடப் பாராமல் கொண்டுவந்தார். நீக்கிலாஸ் அங்கிள் ஒரு மாத்திரைப் போத்தலை நீட்டினார். ஆசுபத்திரியில் அவருடைய சிறுநீரகத்திலிருந்து எடுத்த கல் அதற்குள் இருந்தது.

"உதுவும் கல்லுத்தானே தம்பி. உது என்னைப் படுத்தின பாடு கொஞ்சநஞ்சமில்லை."

பேனாட் அதையும் இரண்டு கையாலும் வாங்கினார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர். எல்லாவற்றையும் ஒரு நீலத் துணிப்பைக்குள் போட்டுக் கட்டினார். தூக்கிப் பார்த்தேன். ஒரு சின்ன அரிசிப் பையின் பாரம் இருந்தது. "நான் சுமப்பன். ஒரு கல்லும் வாகனத்திலை ஏறாது" என்று மண்டபம் கேட்கச் சொன்னார்.

அதே கோயிலுக்கு வருகிற அன்ரனெற் அக்கா மண்டபத்தில் எதுவும் தரவில்லை. நாங்கள் புறப்படுவதற்கு முதல் நாள் வீட்டுக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு துவாயை எடுத்து விரித்தார். உள்ளே ஒரு பெரிய உருளைக்கிழங்கு அளவில் சாம்பல் நிறக் கல். அதன் ஒரு பக்கத்தில் பச்சைப் பெயின்ற் ஒட்டியிருந்தது.

"சனத்துக்கு முன்னாலை தர எனக்கு விருப்பமில்லை. நீர் ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றார்.

அவருடைய மகன் ஜூலியன் பேஸ்மென்ரில் இருந்தவன். பக்கக் கதவால்தான் போய் வருவான். எந்த நேரம் போவான், எந்த நேரம் வருவான், யாரோடு வருவான் என்று ஒன்றும் தெரியாது. திறப்பைக் கொடுத்தால் இரண்டு நாளில் தொலைத்துவிடுவான். அதனால் வெளியே போகும்போது கதவு பூட்டுப்படாமல் இந்தக் கல்லை வைத்து முட்டுக் கொடுத்துவிட்டுப் போவான். கதவின் பச்சை அப்படித்தான் கல்லில் ஒட்டியது. மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு தை மாதக் குளிர் இரவில் அக்கா கல்லைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைப் பூட்டினார்.

"பழக்கத்தை விடட்டும் எண்டுதான் பூட்டினனான். வந்து தட்டினவன். எனக்குக் கேட்டது. நான் எழும்பிப் போகேல்லை."

அடுத்த நாள் காலையில் பிளாசாவுக்குப் பின்னால் நின்ற காருக்குள் அவனைக் கண்டெடுத்தார்கள். மாரடைப்பு என்று வீட்டார் சொன்னார்கள். நாங்களும் நம்பியது மாதிரித் தலையாட்டினோம். இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு என்ன மாரடைப்பு என்று அவரவர் வீட்டில் போய்ப் பேசிக்கொண்டோம். நானும் பேசினேன்.

"இதை நீர்தான் வைக்கவேணும். பேனாட் வேண்டாம். வைக்கேக்கை ஒரு வசனம் மட்டும் சொன்னால் காணும். ஜூலியன், கதவு திறந்திருக்கு எண்டு சொல்லும்."

நான் சொல்வேன் என்றேன். கல்லைத் துவாயோடு வாங்கி நீலப் பைக்குள் நானே வைத்தேன்.

சிலுவை மலைக்கு நாங்கள் ஏறிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அது தானாக அமைந்ததில்லை. ஸ்காபரோவில் காலைப் பூசை முடிந்து சனம் மண்டபத்துக்குள் வருகிற நேரத்துக்கு நாங்கள் சிலுவைக்குக் கீழே நிற்க வேண்டும், தொலைபேசியில் நேரே காட்ட வேண்டும் என்று பேனாட் முதலே ஒழுங்கு பண்ணியிருந்தார். மற்றவர்கள் வெயிலுக்கு முன்னர் ஏறிவிட வேண்டும் என்று விடியக் கிளம்பிப் போனார்கள். நாங்கள் மட்டும் ரொறன்ரோ மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். வழியில் இருந்த கடைசி ஊரில் ஒரு தட்டு முட்டைப் பொரியலை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் இருந்தோம். கடைக்காரி வந்து இரண்டு தரம் மேசையைத் துடைத்தாள்.

ஆனாலும் நல்ல நாள் அது. பாதையின் இரண்டு பக்கமும் ஊதாப் பூப் பற்றைகள். ஆட்டு மணிச் சத்தம். எதிரே யாரும் வருவதில்லை, எல்லோரும் ஒரே பக்கமாகப் போகிறார்கள். முந்திப் போகிறவர்கள் "புவென் கமினோ" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். பேனாட் தோளில் பையோடு முன்னால் நடந்தார். இத்தனை பேருடைய பாரத்தையும் சுமந்துகொண்டு ஏறுகிறாரே, இந்த மனிதரை நான் கொஞ்சம் குறைவாகத்தான் மதித்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். முப்பது வருடத்தில் அப்படி நினைத்த நாட்கள் அதிகம் இல்லை.

சிலுவை நான் எதிர்பார்த்த அளவு பெரிதில்லை. நெடிய மரக்கம்பம் ஒன்று, அதன் நுனியில் சின்னதாக ஒரு இரும்புச் சிலுவை. கீழேதான் கற்கள், ஒரு சிறு குன்று அளவுக்கு. பெயர் எழுதிய கற்கள், படம் ஒட்டிய கற்கள், ஒரு குழந்தையின் சப்பாத்துகூடக் கிடந்தது. ஒரு பெண் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள்.

பேனாட் பையை இறக்கித் திறந்தார். மழைக்கோட், இரண்டு வாழைப்பழம், பாதி முறுக்குப் பக்கற். அவர் முகம் வெளிறியது.

"நீலப் பை எங்கை?" என்றேன்.

"பெரிய பைக்குள்ளை."

எங்கள் பெரிய பை எங்களோடு வரவில்லை. கமினோவில் பைகளை ஏற்றிப் போகவென்று வான் வண்டி ஓடுகிறது. காலையில் விடுதி வாசலில் பையை வைத்துவிட்டுப் போனால், இரவு தங்குகிற இடத்துக்கு வான்காரன் கொண்டுபோய் வைத்துவிடுவான். வயது போனவர்கள் அப்படிச் செய்வதில் பிழையில்லை. ஆனால் கற்கள்?

"எப்ப தொடக்கம் பெரிய பைக்குள்ளை?"

"மூண்டாம் நாளே மாத்திப்போட்டன். தோள் சரியா நொந்தது. இண்டைக்குக் காலமை எடுக்கவேணும் எண்டுதான் இருந்தனான்."

ஸ்காபரோவின் பாரமெல்லாம் வானில் ஏறி, சிலுவையைத் தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் எல் அசேபோ என்ற ஊரில் போய் எங்களுக்காகக் காத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது.

"எடுக்காதேங்கோ. பிறகு கதைப்பம் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"மண்டபத்திலை பெரிய ரீவியிலை போட்டிருப்பினம், றெபேக்கா. எல்லாரும் நிக்கினம். என்னெண்டு சொல்லுறது? வான்லை போட்டிது எண்டு சொல்லுறதோ?"

தொலைபேசியை என் கையில் திணித்துவிட்டு, அங்கே இருந்த சின்னத் தேவாலயத்துக்குப் பின்னால் ஓடினார். திரும்பி வரும்போது தொப்பி நிறையக் கற்கள். பாதையோரத்தில் பொறுக்கியவை. "ஆற்றை கல்லு எது எண்டு இவைக்கு ஞாபகமே இருக்கப்போகுது? நீர் தூரத்திலை பிடியும்" என்றார்.

நான் பிடித்தேன். மறுக்கவில்லை.

திரையில் மண்டபம் தெரிந்தது. தேநீர்க் கோப்பையோடு எல்லோரும் நின்றார்கள். பேனாட் ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு கல்லாக வைத்தார். ஒவ்வொன்றுக்கும் சிலுவை அடையாளம் வேறு போட்டார். நீக்கிலாஸ் அங்கிளின் முறை வந்தபோது விரல் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து, இல்லாத ஒன்றைக் குனிந்து கற்களுக்கு நடுவே வைத்தார். "உங்கடை சின்னன் அங்கிள், கமராவிலை தெரியாது." மண்டபம் சிரித்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் பேனாட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பாதையோரத்தில் கல் பொறுக்கியதை அவர் கண்டிருப்பார். எனக்கு முகம் எரிந்தது.

பிறகு அன்ரனெற் அக்கா திரைக்குக் கிட்ட வந்தார். வெறுமனே நின்றார். பேனாட் தொப்பியில் மிஞ்சியிருந்த ஒரு கல்லை என்னிடம் நீட்டிவிட்டுத் தொலைபேசியை வாங்கிக்கொண்டார். சாம்பல் நிறம்தான். அளவும் கிட்டத்தட்டச் சரி. அதைத் தேடி எடுக்கிற அளவுக்கு மனிதருக்கு மூளை வேலை செய்திருக்கிறது.

நான் ஏறிப்போய் அந்தக் கல்லை வைத்தேன். "ஜூலியன், கதவு திறந்திருக்கு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"றெபேக்கா, பச்சை தெரியேல்லை. பச்சைப் பக்கம் எங்கை?"

"அடியிலை அக்கா. பச்சைப் பக்கத்தைக் கீழை வைச்சனான்."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பேனாட் புளுகுகிறார், வாய்வீச்சுக்காரர் என்று முப்பது வருடமாகக் குறை சொன்ன என் வாயிலிருந்து அது அவ்வளவு சுத்தமாக வந்தது. அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இப்பதான் எனக்கு மூச்சு வருது" என்றார். யாரோ ஒரு மாதா பாட்டைத் தொடங்க, மண்டபம் முழுவதும் சேர்ந்து பாடியது.

இறக்கம் ஏற்றத்தைவிட மோசம். பலகை பலகையாக உடைந்த கற்கள், காலை வைத்தால் வழுக்கும். நான் பேனாட்டோடு பேசவில்லை. அவரால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"நோக்கம்தானே முக்கியம். கடவுளுக்குத் தெரியும்."

"நோக்கம் காணுமெண்டால் அதை ஸ்காபரோவிலையிருந்தே செய்திருக்கலாம். ஏன் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

என் காலில் கொப்புளம் உடைந்து காலுறை ஈரமாகிவிட்டது. நோவு நல்லது என்று நினைத்தேன். இது எனக்குத் தகும் என்று நினைத்துக்கொண்டு நடந்தால் கொஞ்சம் இலேசாக இருந்தது. அதற்கும் வெட்கமாக இருந்தது.

எல் அசேபோவில் விடுதிச் சுவரோரம் எங்கள் பெரிய பை ஒழுங்காக நின்றது, எங்களுக்கு முன்னமே வந்துவிட்ட ஆள் மாதிரி. அவிழ்த்து நீலப் பையை வெளியே எடுத்தேன். துவாய்க்குள் கல் இருந்தது, பச்சையும் இருந்தது.

இனி வருவது நான் யாருக்கும் சொல்ல விரும்பாதது. சிலுவைக்குக் கார்ப் பாதை இருக்கிறது. விடுதிக்காரியே ராக்சி பிடித்துத் தருவாள் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. இருட்ட இன்னும் நேரம் இருந்தது. போய் வைத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பியிருக்கலாம். நான் அந்த அறிவித்தலை வாசித்தேன். வாசித்துவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்துவிட்டு வந்தால் சூப் வாசம் வந்தது. நாளைக்குக் காலையில் போகலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். காலையில் அடுத்த ஊருக்கு அறை பதிவு செய்திருந்தது. நானும் காலணியைக் கட்டிக்கொண்டு எல்லோரும் போகிற பக்கமே போனேன்.

பேனாட் மற்றக் கற்களை விடுதிக்குப் பின்னால் ஒரு சுவரடியில் வைத்தார். "இதுவும் அதே மலைதானே" என்றார். சிறுநீரகக் கல்லையும் போத்தலிலிருந்து எடுத்து அங்கேயே வைத்தார். அன்ரனெற் அக்காவின் கல்லை மட்டும் நான் கொடுக்கவில்லை. மீதி வழி முழுவதும் என் முதுகிலேயே சுமந்தேன். யாகப்பரின் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம் என்று எண்ணம். அங்கே போனால் பளிங்குத் தரை. கூட்டுகிறவர் பொறுக்கி எறிந்துவிடுவார் என்று பயமாக இருந்தது. கல் என்னோடு விமானம் ஏறித் திரும்ப ஸ்காபரோவுக்கு வந்தது. எங்கள் பேஸ்மென்ரில், உடுப்புத் தோய்க்கிற இடத்தில், சோப்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அன்ரனெற் அக்கா நன்றாகிவிட்டார். அதுதான் தாங்க முடியாதது. கோயிலில் முன் வாங்கில் இருந்து பாடினார். மகள் நடாஷாவோடு கடைகளுக்குப் போனார். என்னைக் கண்ட இடத்தில் எல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு, "நித்திரை வருது றெபேக்கா" என்பார். ஒவ்வொரு தரமும் நான் சிரித்தேன். உடுப்புத் தோய்க்கப் போகும் போதெல்லாம் சோப்புப் பெட்டியின் பக்கம் பார்க்காமல் சோப்பை எடுக்கப் பழகினேன். பேனாட் மண்டபத்தில் படம் போட்டுக் கதை சொன்னார். சிலுவைப் படம் வந்ததும் நான் தேநீர் ஊற்றப் போய்விட்டேன்.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை அக்கா கட்லெற் பொரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்துகொண்டு சொன்னார்.

"நடாஷா வாற சித்திரைக்கு ரிக்கற் போட்டிட்டாள். எனக்கு உங்களை மாதிரி நடக்க ஏலாது. சிலுவை மட்டும் கார் போகுமாம், அவள் பார்த்தவள். போய் அந்தக் கல்லை ஒருக்காத் தொட்டுப்போட்டு வரப்போறன். எந்தப் பக்கத்திலை வைச்சனீர் எண்டு ஒரு படம் கீறித் தாரும். பச்சை அடியிலை எண்டபடியால் நான் பிரட்டிப் பார்த்துத்தானே கண்டுபிடிக்கவேணும்."

அறுபத்து மூன்று வயது மனுசி, முழங்காலில் நோ. அந்தக் கற்குன்றில் குந்தியிருந்து ஒவ்வொரு கல்லாகப் பிரட்டிக்கொண்டிருப்பது என் கண்முன் தெரிந்தது.

பேனாட் முந்திக்கொண்டார். "அக்கா, அங்கை இடைக்கிடை கல்லுகளை அள்ளித் துப்புரவாக்கிறவங்களாம். இப்ப போனாலும் காணக் கிடைக்குமோ தெரியாது."

நான் எழுந்து கீழே போனேன். கல்லை எடுத்துத் துவாயோடு கொண்டுவந்து அவருடைய மடியில் வைத்தேன்.

அவர் துவாயை விரித்தார். கல்லைப் பிரட்டினார். பெருவிரலால் பச்சையைத் தடவினார். "இது எப்பிடி இஞ்சை?" என்று கேட்டார். கோபமாக இல்லை, விளங்காமல் கேட்டார்.

நான் சொன்னேன். வான், தொப்பி, பாதையோரக் கல், எல்லாம். ராக்சியையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் பாதிப் பழி பேனாட்டில் போயிருக்கும். பேனாட் கம்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லது.

"அப்ப நீர் கதவு திறந்திருக்கு எண்டு சொல்லேக்கை இது எங்கை கிடந்தது?"

"பைக்குள்ளை அக்கா. மலைக்கு அந்தப் பக்கம்."

"பிறகு?"

"கீழை. சோப்புப் பெட்டிக்குப் பின்னாலை."

அவர் என்னைப் பார்க்கவில்லை, கல்லைத்தான் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் என்ர பிள்ளை வெளியிலைதான் நிண்டவன்" என்றார். "நான் நல்லா நித்திரை கொண்டிட்டன்."

துவாயை மடித்துக் கதிரையில் வைத்தார். கல்லை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்தார். அக்கா, நானும் வாறன், நான் திரும்பப் போய் வைக்கிறன் என்று ஏதேதோ சொன்னேன். "வேண்டாம் றெபேக்கா" என்றார். அவ்வளவுதான். கை இரண்டிலும் கல் இருந்தபடியால் முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்தப்படாமல் கிடந்தது.

குளிர் உள்ளே வந்தது. வாசலில் கிடந்த சருகுகளும் வந்தன. மேசையில் கட்லெற் ஆறிக்கொண்டிருந்தது.

"கதவைச் சாத்தும், ஹீற் எல்லாம் போகுது" என்றார் பேனாட்.

"நீங்களே போய்ச் சாத்துங்கோ" என்றேன்.

அவரும் எழும்பவில்லை.